சர்ச்சுக்குக் கீழே ஒரு கூடைப்பந்துக் களம்

வடக்கு ஃபிலடெல்ஃபியாவில், 12ஆம் தெருவும் செசில் பி. மூர் அவென்யூவும் சந்திக்கும் முனையில் பிரைட் ஹோப் பாப்டிஸ்ட் சர்ச் இருக்கிறது. 1911-இல் தொடங்கிய கறுப்பினத்தவர் சபை. ஞாயிறு காலையில் மேலே ஆராதனையும் பாட்டும் நடக்கும். 1960-களின் கோடை இரவுகளில் கீழே, அதே சபையின் பேஸ்மென்ட்டில், கூடைப்பந்து நடந்தது. பேக்கர் லீக் என்று பெயர்.

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஒரு கோடையில் அங்கே ஆட வந்தவர்களில் ஒருவர் பில் பிராட்லி. வெள்ளைக்காரர், மிசூரியில் ஒரு சிற்றூர் வங்கிக்காரரின் மகன். ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். நியூயார்க் நிக்ஸ் அணி அவருக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டனே கையில் இருக்கிற ஒருவருக்கு ஒரு சர்ச் பேஸ்மென்ட்டில் என்ன வேலை?

இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்தில் அமெரிக்க ஆட்டத்தின் உச்ச வேகம் அவரை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. கல்லூரியில் முன்வரிசை ஆட்டக்காரராக, அதாவது ஃபார்வர்டாக, ஆடியவரை நிக்ஸ் கார்டாக ஆட வைக்க நினைத்தது. கார்டு என்றால் பந்தைக் கொண்டுவர வேண்டும். தன்னைவிடக் குட்டையான, தன்னைவிட வேகமான ஆட்களைத் தடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் கோடையில் எங்கே ஆடுகிறார்கள் என்று தேடினால் பாதை பிரைட் ஹோப்பின் வாசலில் வந்து நிற்கும்.

சர்ச் கோடை லீக் என்றதும் பலருக்கு மனதில் வருவது பொழுதுபோக்கு. வேலை முடிந்து வரும் மாமாக்கள், விடுமுறையில் இருக்கும் பையன்கள், நடுவே போதகர் ஊதும் விசில். அது உண்மைதான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எளிய ஏற்பாட்டிலிருந்து எப்படி இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப எழுந்து வந்தார்கள் என்பதைப் பார்க்கும்போது, அவர்களின் உயரத்தையும் உழைப்பையும் பற்றிப் பேசுவதோடு நிறுத்த முடியவில்லை. எந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் ஒரு சின்னப் பின்னோட்டம். கூடைப்பந்து சர்ச்சுக்குள் வந்து சேர்ந்த விளையாட்டு அல்ல. அங்கே பிறந்த விளையாட்டு என்றே சொல்லலாம். ஜேம்ஸ் நைஸ்மித் கனடாக்காரர், மான்ட்ரியலில் இறையியல் படித்தவர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சக ஆட்டக்காரர் ஆத்திரத்தில் ஒரு கெட்ட வார்த்தையை விட்டுவிட்டு, நீ இங்கே இருப்பதை மறந்துவிட்டேன் ஜிம் என்று மன்னிப்புக் கேட்டாராம். நைஸ்மித் அவரிடம் எதையும் போதித்ததில்லை. பிரசங்க மேடைக்கு வெளியேயும் இளைஞர்களோடு பேச வழி இருக்கிறது என்று தமக்குத் தோன்றியது அப்போதுதான் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த எண்ணத்தோடுதான் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த 18 மாணவர்களுக்காக 13 விதிகளை எழுதினார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில் ஆணியடித்தார்கள். மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது. ரிங் இன்றும் 10 அடியில்தான் இருக்கிறது. முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

கூடையை ஏன் தலைக்கு மேலே வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் கோல் இருந்தால் பந்தை முழு வேகத்தில் அடிப்பார்கள், மோதுவார்கள். மேலே இருந்தால் பந்தை மெதுவாக வளைத்துப் போட வேண்டும். தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்று விதியிலேயே எழுதினார். ஒரு இறையியல் மாணவர் யோசித்துச் செய்த விளையாட்டு என்பது அதன் உடம்பிலேயே தெரிகிறது. நம் ஊருக்கும் இந்த வழியில் ஒரு கிளை வந்தது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர்தான். நந்தனத்தில் அந்தக் கல்லூரியைக் கடந்து போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது மூடிய கதவுகளுக்கு வருவோம். ஒய்.எம்.சி.ஏ. ஊர் ஊராக இந்த விளையாட்டைக் கொண்டுபோனது, ஆனால் அதன் கூடங்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எட்வின் பேன்க்ராஃப்ட் ஹெண்டர்சன் என்ற கறுப்பின ஆசிரியர் 1904-இல் ஹார்வர்டில் நடந்த கோடைக்கால உடற்பயிற்சி வகுப்பில் கூடைப்பந்தைக் கற்றுக்கொண்டு வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1907-இல் அவரும் அவருடைய மைத்துனரும் வாஷிங்டன் சென்ட்ரல் ஒய்.எம்.சி.ஏ.வில் ஆட்டம் பார்க்கப் போனபோது வெளியே அனுப்பப்பட்டார்கள். விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு அதைப் பார்க்கக்கூட இடமில்லை. ஹெண்டர்சன் அதோடு நின்றுவிடவில்லை. 12ஆம் தெருவில் இருந்த கறுப்பினத்தவர் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு ஒரு அணியைத் திரட்டினார். பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேம் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள 2013 வரை ஆனது.

நியூயார்க்கில் இந்த வேலையைச் செய்தவை சபைகள். செயின்ட் ஃபிலிப்ஸ் என்ற எபிஸ்கோப்பல் சர்ச்சின் இளைஞர் சங்கம்தான் செயின்ட் கிறிஸ்டஃபர் கிளப். 1910-களில் கறுப்பின அணிகளில் மிக வலுவானவற்றுள் அது ஒன்று. அந்த அணிக்கு ஆடியவர்களில் பால் ரோப்சனும் உண்டு. பாடகராக, நடிகராக, உரிமைப் போராளியாக உலகம் அறிந்த அதே ரோப்சன்தான். கிளாரன்ஸ் ஜென்கின்ஸ் என்ற குட்டையான, மின்னல் வேகக்காரரும் அங்கிருந்துதான் வந்தார். பிற்பாடு அவர் ஹார்லெமின் நியூயார்க் ரெனைசன்ஸ் அணிக்குத் தலைவரானார். 1932-33 பருவத்தில் அந்த அணி தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்றது. 1939-இல் சிகாகோவில் நடந்த முதல் உலகத் தொழில்முறைப் போட்டியின் பட்டத்தையும் அதே அணி பெற்றது. ஒரு சர்ச்சின் இளைஞர் சங்கத்தில் இருந்து அவ்வளவு தூரம் ஒரு கோடு போடலாம்.

கத்தோலிக்கர்களும் மார்மன்களும் இதையே வேறு காரணங்களுக்காகப் பெரிய அளவில் செய்தார்கள். சிகாகோவில் ஆயர் பெர்னார்ட் ஷீல் 1930-இல் தொடங்கிய கத்தோலிக்க இளைஞர் அமைப்பு பங்குக்குப் பங்கு அணிகளைக் கட்டியது. சி.ஒய்.ஓ. என்ற அந்த மூன்றெழுத்து அமெரிக்கக் கத்தோலிக்கக் குழந்தைகளுக்குக் கூடைப்பந்தின் இன்னொரு பெயரானது. நியூயார்க்கில் செயின்ட் ஜூட்ஸ் பங்குப் பள்ளிக்கு ஆடிய ஒரு சிறுவன் எட்டாம் வகுப்பிலேயே ரிங்குக்கு மேலே கையை உயர்த்திப் பந்தைத் திணித்தான். அவன்தான் பின்னாளில் கூடைப்பந்தின் பெரும் நட்சத்திரமான கரீம் அப்துல்-ஜப்பார். யூட்டாவிலோ பேச்சு வேறு மாதிரி. மார்மன் சபையின் இளைஞர் அமைப்பு 1922 முதல் 1971 வரை சால்ட் லேக் சிட்டியில் சபை முழுவதற்குமான கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது. வார்டு எனப்படும் உள்ளூர்ச் சபைகளில் தொடங்கி, படிப்படியாக வென்று, தலைநகருக்கு வந்து சேர வேண்டும். அவர்களுடைய ஆராதனைக் கட்டடங்களில் இன்றும் ஜெப அரங்குக்கு அடுத்தே கூடைப்பந்துக் கோடு போட்ட கூடத்தைப் பார்க்கலாம். அங்கே நன்னடத்தைக்கும் தனிக் கோப்பை உண்டு. சபை ஆட்டம் என்பது ஜெபத்தில் தொடங்கும் அடிதடி என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அதனால்தான் அந்தக் கோப்பை தேவைப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சர்ச் லீக் உள்ளே எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஒருவர் தனித்துத் தெரிவது என்றால் என்ன என்பது பிடிபடாது.

கோடையில் பள்ளிக்கூடக் கூடங்கள் மூடிக் கிடக்கும். சர்ச் கூடம் திறந்திருக்கும், வாடகை இருக்காது அல்லது குறைவாக இருக்கும். அளவு மட்டும் சிறியது. கல்லூரிக் களம் 94 அடி நீளம், 50 அடி அகலம். சர்ச் கூடங்களில் அவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். எல்லைக் கோட்டுக்கு ஓரடி தள்ளியே சுவர் நிற்கும். சில இடங்களில் ஒரு பக்க ரிங்குக்குப் பின்னால் மேடை இருக்கும், திரைச்சீலை தொங்கும். கூரை தாழ்வாக இருந்தால் தொலைவிலிருந்து வளைத்துப் போடும் ஷாட் உத்தரத்தில் இடிக்கும். இப்படிப்பட்ட கூடத்தில் நீண்ட ஓட்டக்காரருக்கு வேலை இல்லை. இரண்டடி இடத்துக்குள் திரும்பத் தெரிந்தவர், பலகையின் எந்தப் புள்ளியில் அடித்தால் பந்து எப்படி உள்ளே விழும் என்று தெரிந்தவர், கண்ணால் ஒரு பக்கம் பார்த்துக் கையால் மறுபக்கம் பாஸ் போடத் தெரிந்தவர், இவர்களுக்குத்தான் வாழ்வு.

அப்புறம் ஆட்கள். பதினேழு வயதுப் பையனும் நாற்பதைத் தாண்டிய அப்பாவும் ஒரே அணியில் இருப்பார்கள். ஒருகாலத்தில் கல்லூரிக்கு ஆடியவர் ஒரு பக்கம். பந்தை இந்த வருஷம்தான் கையில் எடுத்தவர் எதிர்ப் பக்கம். பல லீக்குகளில் வந்த எல்லோரையும் களத்தில் இறக்கியாக வேண்டும் என்று விதி இருக்கும். கடிகாரத்தை ஃபவுலுக்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். சபைக்கு ஒழுங்காக வருகிறவர்தான் ஆடலாம் என்றும் விதி வைப்பார்கள். நம் ஊர் டோர்னமென்ட்களில் கெஸ்ட் ப்ளேயரை இறக்கி ஜெயிக்கும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சபை விதி தடுக்கப் பார்ப்பதும் அதைத்தான்.

இதனால் என்ன ஆகிறது? சர்ச் லீக்கில் ஒருவர் 40 பாயிண்ட் போட்டார் என்றால் அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. அவர் எதிரில் நின்றது யார் என்று தெரியாமல் அதை எடைபோட முடியாது. பார்த்துப் பழகியவர்கள் வேறு ஒன்றைப் பார்ப்பார்கள். அவர் களத்தில் இருக்கும்போது மற்ற நான்கு பேரும் எப்படி ஆடுகிறார்கள்? பந்தைப் பிடிக்கவே தடுமாறும் பையனுக்கு, அவனால் பிடிக்க முடிகிற இடத்தில், பிடிக்க முடிகிற வேகத்தில் பாஸ் வருகிறதா? தன்னைவிட எளியவர்களோடு ஆடும்போது தன் ஆட்டத்தைத் தளர்த்தாமல், அவர்களையும் நசுக்காமல் ஆடுவது பெரிய வித்தை. உண்மையிலேயே தனித்துத் தெரிகிறவர் அதைச் செய்கிறவர்தான் என்பது என் கருத்து. ஆனால் ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு அது மட்டும் போதாது. அவருக்கு நிகரான எதிராளிகள் வேண்டும். அந்த எதிராளிகளை ஒரு சர்ச் பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுவந்தவர்தான் சானி ஹில்.

சானி ஹில் 1936-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். உயரம் 5 அடி 9 அங்குலம்தான். ஈஸ்டர்ன் லீக்கில் ஆடினார். அது பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களிலும் மில் ஊர்களிலும் வார இறுதியில் நடந்த லீக். வாரம் முழுக்க வேறு வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை காரில் பல மணி நேரம் போய் ஆடிவிட்டு வருவார்கள். அந்த லீக்கில் ஏன் அவ்வளவு திறமை குவிந்திருந்தது என்பதற்குக் கணக்கு எளிது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் உச்ச லீக்கான என்.பி.ஏ.வில் 1960-61 பருவத்தில் மொத்தமே 8 அணிகள். அணிக்கு ஒரு டஜன் பேர் என்று வைத்தாலும் நாடு முழுவதற்கும் நூறு இடம்கூட இல்லை. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே கதவு திறந்தது 1950-இல்தான். திறந்த பிறகும், ஓர் அணியில் இத்தனை பேர்தான் என்று எழுதாத கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதை அக்காலத்து ஆட்டக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லூரிகளிலும் நிலைமை அதுதான். ஜான் சேனியின் கதை இதற்குப் போதும். 1951-இல் ஃபிலடெல்ஃபியா பொதுப் பள்ளி லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. ஊரில் ஐந்து பெரிய கூடைப்பந்துக் கல்லூரிகள் இருந்தும் ஒன்றும் அவரை அழைக்கவில்லை. ஃபுளோரிடாவில் இருந்த பெத்யூன்-குக்மன் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். பிறகு ஈஸ்டர்ன் லீக்கில் ஆடினார். முப்பது வருஷம் கழித்து, 1982-இல், அதே ஐந்தில் ஒன்றான டெம்பிள் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சியாளராக அமர்த்தியது. 2001-இல் ஹால் ஆஃப் ஃபேம். அந்த ஊரில் அவரைப் போலப் பலர் இருந்தார்கள். அவருக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

வில்ட் சேம்பர்லினையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பையனாக இருந்தபோதே, 1953-இல், ஃபிலடெல்ஃபியாவின் கிறிஸ்டியன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. அணிக்கு ஆடி, வட கரோலினாவில் நடந்த தேசிய ஒய்.எம்.சி.ஏ. போட்டியை வென்று வந்தார். எதிரில் நின்றவர்கள் வளர்ந்த ஆட்கள். பின்னால் 1962-இல் ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் போட்ட கைகளுக்கு முதலில் நாடளவில் மேடை கொடுத்தது ஒரு கறுப்பினத்தவர் ஒய்.எம்.சி.ஏ.தான்.

1960-இல் சானி ஹில் சார்ல்ஸ் பேக்கர் நினைவுக் கோடை லீக்கைத் தொடங்கினார். முதலில் 25ஆம் தெருவும் டயமண்ட் தெருவும் சேரும் இடத்தில் இருந்த மொய்லன் விளையாட்டுத் திடலில் நடந்தது. திறந்தவெளி, சிமென்ட் தரை. பிறகு பிரைட் ஹோப்பின் கூரைக்குக் கீழே வந்தது. தொழில்முறையாளர்களும் அமெச்சூர்களும் ஒன்றாக ஆடும் லீக் அது. அக்காலத்தில் என்.பி.ஏ. சம்பளம் வருஷம் முழுக்கக் குடும்பம் நடத்தப் போதாது, பலர் கோடையில் வேறு வேலை பார்த்தார்கள். மாலையில் உடம்பைப் பக்குவமாக வைத்துக்கொள்ள ஒரு களம் வேண்டும். ஊர்ப் பையன்களுக்கோ, தாங்கள் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தேவையும் ஒரே பேஸ்மென்ட்டில் சந்தித்தன. அணிகளுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவர்கள் பேட்டைக் கடைக்காரர்களும் உள்ளூர் வணிகர்களும்.

இங்கே சபையின் பங்கைச் சொல்லாமல் போகக் கூடாது. அப்போது பிரைட் ஹோப்பின் போதகர் வில்லியம் எச். கிரே. அதற்கு முன் ஃபுளோரிடாவில் ஒரு கறுப்பினக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். அவர் மகன் அதே பெயரோடு 1972-இல் போதகராகி, 1979 முதல் 1991 வரை அமெரிக்க நாடாளுமன்றத்திலும் இருந்தார். சர்ச் நிற்கும் சாலைக்கு அன்று கொலம்பியா அவென்யூ என்று பெயர். 1964 ஆகஸ்ட் இறுதியில் அந்தச் சாலைதான் பற்றி எரிந்தது. போலீசுக்கும் மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 341 பேர் காயமடைந்தார்கள், 774 பேர் கைதானார்கள். கடைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. கோடை இரவில் இளைஞர்கள் போய் நிற்க ஒரு வெளிச்சமான இடம் என்பது அந்தச் சாலையில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்துப் பேக்கர் லீக்கில் யார் தனித்துத் தெரிந்தார் என்று பழைய ரசிகர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர் ஏர்ல் மன்றோ.

1944-இல் தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர் மன்றோ. ஜான் பார்ட்ரம் உயர்நிலைப் பள்ளி. பெரிய கல்லூரிகள் கவனிக்கவில்லை. பள்ளி முடிந்ததும் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாகக் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பிறகு வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். 1966-67 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 41.5 பாயிண்ட் போட்டு, சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை அந்தக் கல்லூரிக்கு வாங்கிக் கொடுத்தார். கோடையில் ஊருக்கு வந்தால் பேக்கர் லீக்.

அவர் அதிவேகக்காரர் அல்ல. எகிறிக் குதிப்பவரும் அல்ல. முழங்கால் தொந்தரவு சிறுவயதிலிருந்தே இருந்தது. அவரிடம் இருந்தது தயக்கத்தை ஆயுதமாக்கும் திறமை. பந்தோடு வருவார், நிற்பது போல் இருக்கும், தோள் ஒரு பக்கம் போகும், இடுப்பு மறுபக்கம் போகும், எதிராளி ஏதோ ஒன்றை நம்பி எடை மாற்றிய நொடியில் முதுகைக் காட்டிச் சுழன்று போயே போய்விடுவார். அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, அப்புறம் என்னைத் தடுப்பவனுக்கு எப்படித் தெரியும் என்ற பொருளில் அவர் சொன்னது பிரபலம். ஃபிலடெல்ஃபியாத் திடல்களில் அவருக்குப் பல பட்டப்பெயர்கள். தினம் ஒரு புது வித்தை கண்டுபிடிப்பதால் தாமஸ் எடிசன் என்றார்கள். ஏசு என்றும் கூப்பிட்டார்கள். சபை நடத்துகிற கட்டடத்தின் அடியில் அந்தப் பெயர் சொல்லிக் கத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒருகணம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பில் இருந்தது கேலி இல்லை, தங்களில் ஒருவனைக் கண்டுகொண்ட பரவசம் என்றுதான் தோன்றுகிறது.

பெரிய அரங்கம் வெற்றிக்காக ஆடச் சொல்லும். பேட்டைக் கூட்டம் வெற்றியோடு அழகையும் கேட்கும். அங்கே கூட்டம் தூரத்து மாடத்தில் இல்லை, எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ஒரு ஏமாற்று நன்றாக விழுந்தால் அந்த நொடியிலேயே சத்தம் எழும், விழாவிட்டால் அதற்கும் சத்தம் எழும். மன்றோவின் ஆட்டம் அப்படிப்பட்ட கூட்டத்தோடு பேசிப் பேசியே உருவானது. 1967-இல் என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது பால்டிமோர் புல்லட்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது பெற்றார். லேக்கர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 56 பாயிண்ட். பத்திரிகைகள் இதென்ன புது மாதிரி ஆட்டம் என்று எழுதின. வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் அதைப் புதிது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவருக்கு நேர் எதிர் பிராட்லி. எல்லாம் அளவெடுத்தது போன்ற ஆட்டம்: பந்து இல்லாமல் ஓயாமல் ஓடி, ஒரு தடுப்பைச் சுற்றி வெளியே வந்து, பாஸ் வாங்கி, உடனே ஷாட். சிறுவயதில் தினமும் மணிக்கணக்கில் தனியாகப் பயிற்சி செய்து வளர்ந்தவர். பிரைட் ஹோப்பில் யாரும் அவருடைய ப்ரின்ஸ்டன் பட்டத்தை மதித்து வழிவிட மாட்டார்கள். வந்தார், அடிபட்டார், திரும்பத் திரும்ப வந்தார். பேக்கர் லீக் ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டது அதற்காகத்தான். கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பெரிய கூடங்கள் மூடியிருந்த காலத்தை அந்த ஊர் மறந்திருக்காது. அப்படியிருந்தும் அந்தக் கறுப்பினச் சபையின் கூடம் ஒரு வெள்ளைக்காரருக்கு மூடவில்லை. ஹெண்டர்சன் வெளியே அனுப்பப்பட்ட 1907-ஐ நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. 1971 நவம்பரில் மன்றோவும் நிக்ஸுக்கு மாறினார். மன்றோவும் பிராட்லியும் ஒரே ஐவரில் நின்று 1973 பட்டத்தை வென்றார்கள். இரண்டு துருவ ஆட்டம் எப்படி ஒன்றுசேரும் என்று நியூயார்க்கில் கவலைப்பட்டவர்கள் உண்டு. பிராட்லி பிற்பாடு நியூ ஜெர்சியின் செனட்டராக 18 ஆண்டுகள் இருந்தார்.

பேக்கர் லீக் பின்னாளில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் மெக்கானிகில் ஹாலுக்கு நகர்ந்தது, பெரிதானது. நல்லதுதான். ஆனால் சானி ஹில்லின் பெரிய வேலை என்று நான் நினைப்பது 1968-இல் அவர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய சமூக லீக். தெருக் கும்பல்கள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு கும்பலின் பேட்டைக்குள் மற்றொரு பேட்டைப் பையன் காலெடுத்து வைக்க முடியாது. லீக் சட்டை போட்டவன் போகலாம், வரலாம் என்ற நிலையை ஹில் ஏற்படுத்தப் பார்த்தார். வேறு வேறு பேட்டைப் பையன்களை ஒரே அணியில் போட்டார். தொழிற்சங்கத்தில் வேலை, 1970-களில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வர்ணனை, இவற்றோடு கூடவே இதையும் பல பத்தாண்டுகள் விடாமல் நடத்தினார். அந்த லீக்கில் வளர்ந்தவர்களில் ஜோ பிரையன்ட் ஒருவர். மன்றோ படித்த அதே பார்ட்ரம் பள்ளி, பிறகு லாசால் பல்கலைக்கழகம், பிறகு ஃபிலடெல்ஃபியா 76-அர்ஸ். ஆட்டக் காலத்தின் இறுதியில் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார்.

கோடை விடுமுறையில் அவருடைய மகன் ஊருக்கு வந்து அதே லீக்கில் ஆடினான். வயது பத்து, பன்னிரண்டு இருக்கும். ஒல்லி உடம்பு, முழங்கால் வலி, கனமான காப்புப் பட்டைகள். ஒரு கோடை முழுக்க ஆடி அவன் ஒரு பாயிண்ட்கூடப் போடவில்லை. ஃப்ரீ த்ரோவும் இல்லை, தவறி உள்ளே விழுந்த பந்தும் இல்லை. அப்பா பெரிய ஆட்டக்காரர், மாமா சப்பி காக்ஸும் என்.பி.ஏ. வரை போனவர், அந்த லீக்கில் எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். தலை தூக்க முடியாத வெட்கம். நீ பூஜ்யம் போட்டாலும் அறுபது போட்டாலும் எனக்கு நீ ஒன்றுதான் என்று அப்பா சொன்னதாக அந்த மகன், பின்னாளில் லேக்கர்ஸ் நட்சத்திரமான கோபி பிரையன்ட், பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். மற்ற பையன்கள் உடல் பலத்தில் முந்துகிறார்கள், ஆனால் அடிப்படைகளைப் பயில்வதில்லை என்று கவனித்து, இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று பட்டியல் போட்டுக்கொண்டு பழகத் தொடங்கியது அந்தக் கோடைக்குப் பிறகுதான் என்றும் சொன்னார்.

1996-இல் ஃபிலடெல்ஃபியாவின் புறநகரான லோயர் மெரியன் பள்ளி 53 ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலப் பட்டத்தை வென்றது. அணியை நடத்திச் சென்றவன் அந்தப் பையன்.